பதினேழாம் பக்கம்

சுவிசேஷமுத்து சார்வாளுக்கு எழுத்து வராது என்று கோட்டைவிளையில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். வந்ததுதான் வினையாகப் போச்சு.

முப்பத்து நாலு வருஷம் ஊர் நடுநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்த மனுஷன். கல்யாண வாழ்த்துமடலா, இரங்கல் நோட்டீஸா, கலெக்டருக்கு மனுவா, எதுவானாலும் சார்வாள் வீட்டுப் படியேறினால் அரைமணி நேரத்தில் எழுதி வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார். பீடிக்கடையில் இலை நறுக்குகிற மாப்பிள்ளையும் அவர் எழுதின வாழ்த்துமடலில் வீரமும் விவேகமும் ஒருங்கே பெற்றவன் ஆகிவிடுவான். அதை யாரும் குறை சொன்னதில்லை. நாலு நல்ல வார்த்தை போட்டால் யார் குடி கெட்டுப்போகும் என்பார் சார்வாள்.

இப்போது வயசு எழுபத்தொன்று. பெண்சாதி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. ஒண்டியாக் கிடக்க வேண்டாம் என்று மகள் ஜெபினா அமெரிக்காவுக்கு, சுகர் லேண்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் காலேப் விடியுமுன் ஃப்ரீவேயில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவான். பேத்தி அபிகாயில் டேகேருக்குப் போன காலம் போய் இப்போது மூன்றாம் கிளாஸ். தாத்தா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். ஆக, பகல் பூரா சார்வாளுக்குப் பேச்சுத்துணை பின்பக்கத்துத் தோட்டம்தான்.

அந்த டெக்சாஸ் மண் இருக்கிறதே, அது ஒரு தினுசான களிமண். மழை பெய்தால் செருப்பை விடாது, வெயிலடித்தால் விரல் போகிற அளவுக்கு வெடித்து நிற்கும். கோட்டைவிளைச் செம்மண் தேரியில் பழகின கைக்கு அது வசப்படவே மூன்று மாசமாச்சு. மூட்டை மூட்டையாக உரமண் வாங்கிக் கலந்து, மண்வெட்டி போட்டு முதுகு ஒடிந்து, வேலியோரம் பீர்க்கம்விதை ஊன்றினார். ஜூன் மாசக் கடைசியில் கொடி வேலி தாண்டிப் போய்ப் பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்து உதிர்ந்து, கடைசியில் ரெண்டே ரெண்டு பிஞ்சு நின்றது. காலையில் பல் விளக்கியதும் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பது.

அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் போன் வந்தது. ஏழு மணி இருக்கும். ஊரில் சாயங்காலம். வசந்தாமணி கூப்பிட்டாள். அவரிடம் படித்த பிள்ளை, இப்போது ஐம்பது வயசு, வேதக்கோயில் கமிட்டியில் இருக்கிறாள். கோட்டை வீட்டார் ஊர்மேல் போட்ட நிலக் கேஸுக்கு அலைகிறவளும் அவள்தான்.

"சார்வாள், சாப்ட்டியளா?"

"இனிமேத்தான். என்ன வசந்தா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வக்கீல் ஆபீஸ்ல இருந்து இப்பந்தான் வாரோம். கோட்டை வீட்டுக்காரவுக கோர்ட்ல புதுசா ஒரு காயிதம் குடுத்திருக்காவ."

"என்ன காயிதம்?"

"நம்ம கோயில் நூற்றாண்டு மலர்."

"மலரா? அதுல அவுகளுக்கு என்ன கெடக்கு?"

"பதினேழாம் பக்கம், சார்வாள்."

சார்வாள் வேலியைப் பிடித்துக்கொண்டார். பதினேழாம் பக்கத்தை அவர் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. வரி வரியாக மனப்பாடம்.

'கி.பி. பதினான்காம் நூற்றாண்டிலே வானளாவ எழுந்த கோட்டை வீட்டின் அதிபதிகள், ஒதுங்க நிழலின்றி வந்து நின்ற எம் முன்னோராகிய பன்னிரண்டு குடும்பத்தாருக்குக் கருணை கூர்ந்து குடியிருக்க இடமளித்தனர். நன்றி மறவாத எம் மக்கள், தத்தம் கொல்லையில் விளைந்த முதற்காயை ஆண்டுதோறும் கோட்டை வாசற்படியில் வைத்துக் கைகூப்பிய பின்னரே தாம் உண்பர். அறுநூறு ஆண்டாய் அறுபடாத அன்புக் கயிறு இது.'

எழுதினது இவர்தான். கீழே பேர், பட்டம் எல்லாம் போட்டிருக்கிறது.

ஏன் எழுதினார்? அதைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். கோயில் நூற்றாண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கோட்டை வீட்டுப் பெரியவரை மெட்ராஸிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். மலரை வெளியிடப்போவதே அவர்தான். விருந்தாளியை வரச்சொல்லிவிட்டு அவர் மூஞ்சியில் அடித்தமாதிரி எழுத முடியுமா? சார்வாள் அப்போது ஒன்றும் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. பாளையங்கோட்டைக்கும் மதுரைக்கும் அலைந்து பழைய ஆவணமெல்லாம் புரட்டினார். கோட்டை வீட்டுக்குச் செப்பேடு இருந்தது, வாசல் நிலையில் கல்வெட்டு இருந்தது, எந்த ராஜா எப்போது பல்லக்கு கொடுத்தான் என்கிற கணக்கெல்லாம் இருந்தது. அதன் மதிலுக்குக் கிழக்கே அத்தனை தலைமுறையாக இருந்த குடிசைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்போது வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், யாருக்குத் தெரியும்? கோட்டைக்கு முன்னாலேயே அங்கே இருந்தார்களோ என்னமோ. கோயில் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று இருந்தது, அதையும் ஒழுகின கூரையும் கரையானும் பார்த்துக்கொண்டன. வரலாறு என்று தலைப்புப் போட்டாச்சு, உள்ளே ஒன்றுமில்லை. ஆகவே சார்வாள் ஒரு வரலாறு சமைத்தார். பன்னிரண்டு குடும்பம் என்று போட்டதுகூட அப்போஸ்தலர் பன்னிரண்டு பேர் என்கிற ஞாபகத்தில்தான்.

பெரியவர் மேடையில் அதை வாசித்துக் கண்ணைத் துடைத்தார். கோயிலுக்கு ஆறு மின்விசிறி கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்த முதற்காய் சமாசாரம் மட்டும் சமைத்ததில்லை. அது நடந்தது, ஆனால் வேறு மாதிரி. சார்வாள் சின்னப்பிள்ளையாக இருக்கையில் கோட்டைக் கணக்கப்பிள்ளை சாக்கோடு வருவான். எந்தக் கொல்லையில் எது முதலில் காய்த்தாலும் அது சாக்குக்குள் போகும். ஒரு தடவை சார்வாளுடைய அப்பா ஒரு பூசணிக்காயை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தார். வீட்டில் அம்மா பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். கண்டுபிடித்துவிட்டார்கள். பூசணிக்காயைத் தலையில் வைத்துக்கொண்டு கோட்டை வாசலில் பொழுதடையும் மட்டும் நிற்கவைத்தார்கள். எட்டு வயசு சுவிசேஷமுத்து பக்கத்திலேயே நின்றான். அப்பாவை மூத்திரம் போக ஒதுங்கக்கூட விடவில்லை. பதினேழாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியது அதுதான். அதை எழுத அவருக்கு வெட்கமாயிருந்தது, அதுதான் உண்மை.

"இப்ப என்ன சொல்லுதாரு வக்கீல்?" என்று கேட்டார்.

"யாரு தயவும் இல்லாம நாங்களா இருந்தோம், இத்தன வருசம் வீட்டுவரி கட்டினோம், கரண்டு வாங்கினோம்னு சொன்னாத்தான் நம்ம பக்கம் நிக்குமாம். அவுக தயவுல இருந்தோம்னு ஆயிட்டா, எத்தன நூறு வருசம் இருந்தாலும் செல்லாதாம். எறங்குன்னா எறங்கணுமாம். நாப்பத்திரெண்டு வீடு, சார்வாள். பெரியவரு மவன் மாதவ் சோலார் கம்பெனிக்கு அவ்ளோத்தையும் பேசி முடிச்சிட்டாராம். எங்க வீட்டுக் காங்கிரீட் நான் இருவது வருசம் பீடி சுத்திப் போட்டது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"எழுதினவரே வந்து கூண்டுல ஏறி, இது விருந்தாளிக்காவ எழுதினது, நெசமில்லன்னு சொல்லணுமாம். பதினாலாந்தேதி வாய்தா. வீடியோவுல சொல்லலாமான்னு கேட்டோம். அந்தப் பக்கத்து வக்கீல் நேர்ல வந்தாத்தான் ஆச்சுன்னு மனு போட்டு, ஜட்ஜும் சரின்னுட்டாரு."

"வாரேன்," என்றார் சார்வாள். யோசிக்கவே இல்லை.

வாரேன் என்று சொல்ல ஒரு நொடி. வருவது எப்படி? ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த ஜெபினா உடுப்புகூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணிருக்கு. டிராவல் பெர்மிட் இன்னும் வரல. அது இல்லாம நாட்டவிட்டுப் போனீங்கன்னா அப்ளிகேஷனையே கைவிட்டதா எடுத்துப்பாங்க. திரும்ப உள்ள வரவே முடியாம போயிரலாம்."

"தெரியும்ளா."

"தெரிஞ்சுமா? அம்மா அந்த வீட்ல தனியாத்தான் விழுந்து கெடந்தா. நீங்க மார்க்கெட்டுல இருந்து வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நான் இங்க ஊர்ல இருக்குற நோயாளிக்கெல்லாம் மருந்து குடுத்துட்டு இருந்தேன். இன்னொரு தடவ என்னால அப்படி போன்ல கேட்க முடியாதுப்பா."

மகள் அழுதால் சார்வாளுக்கு ஒன்றும் ஓடாது. அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஷ்யாமளா இங்கதான இருக்காங்க? மாதவோட தங்கச்சி. சொத்துல அவங்களுக்கும் பங்கு உண்டுல்ல? அவங்க வேண்டாம்னா அண்ணன் எப்படி விக்க முடியும்? அவங்க பொண்ணு அனன்யாவும் நம்ம அபியும் ஒரே தமிழ் ஸ்கூல்தானே. நல்ல மாதிரிப்பா. ஒருதடவ நேர்ல போய்ச் சொல்லிப் பாருங்களேன். அப்புறம் டிக்கெட் பத்தி யோசிப்போம்."

கோட்டை வீட்டுப் பெண் பதினைந்து நிமிஷ தூரத்தில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். முதலில் தெரிந்தபோது ஒரே ஊர் என்று ரெண்டு வீட்டாரும் பூரித்துப்போனார்கள். தேடிப்போய்ப் பார்க்கத்தான் சார்வாளுக்குக் கால் வரவில்லை.

சனிக்கிழமை போவது என்று முடிவாயிற்று.

"வெறுங்கையோட போகாதீங்கப்பா," என்றாள் ஜெபினா காரைக் கிளப்பிக்கொண்டே. "வழியில ஸ்வீட் பாக்ஸ் வாங்கிரலாமா?"

"கடைப் பலகாரம் என்னத்துக்கு? இரு."

பின்பக்கம் போய் வேலியில் தொங்கின ரெண்டு பீர்க்கங்காயையும் பார்த்தார். முழம் நீளத்துக்கு வளர்ந்து, பசேல் என்று, அறுக்கிற பதத்தில் இருந்தன. கத்தியால் காம்பை அறுத்து, துடைத்து, துணிப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வீட்டுக்குப் போகிறோம், கையால் வளர்த்ததைக் கொடுப்பதுதானே மரியாதை. ஜெபினா அவரை இறக்கிவிட்டு அபிகாயிலை நீச்சல் கிளாஸுக்குக் கூட்டிப் போனாள்.

ஷ்யாமளா வீடு பெரிய வீடு. வாசலில் ரெண்டு அகலப் படி. சார்வாள் மணியை அமுக்கிவிட்டு ஷூவைக் கழற்றக் குனிந்தார். அந்த ஷூ நாடா அவருக்கு எப்போதும் படுத்தும். பையைப் படியில் வைத்தார். அது சரிந்து, ரெண்டு காயும் வெளியே எட்டிப் பார்த்தன. ஷூவைக் கழற்றி முடிக்கவும் கதவு திறந்தது.

"வாங்க அங்கிள்! ஐயோ, பீர்க்கங்காயா? இங்க எங்க கெடச்சுது?"

"வீட்டுக் கொடிம்மா. முதக்காய். உங்களுக்குத்தான்," என்று நிமிர்ந்து கைகூப்பினார்.

"அனன்யா, கம் ஹியர். அங்கிள், அப்படியே ஒரு செகண்ட்."

போன் 'க்ளிக்' என்றது. சார்வாள் கூப்பின கையோடு சிரித்துக்கொண்டு நின்றார். போட்டோ எடுத்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

உள்ளே நல்ல குளிர். ஷ்யாமளாவின் புருஷன் பத்மநாபன் எண்ணெய்க் கம்பெனி வேலையாக வெளியூர் போயிருந்தான். போனில் ஏதோ தட்டிக்கொண்டே அவளே காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். சோபாவில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட சட்டம். சார்வாளுக்குக் கண் மங்கல்தான், ஆனாலும் தன் பேரைத் தெரியாதா? பதினேழாம் பக்கம்.

"அப்பா கடைசி வரைக்கும் இத தலகாணிக்கு அடியில வெச்சிருந்தார் அங்கிள். படிக்கும்போதெல்லாம் அழுவார். நான் அந்த வீட்டப் பாத்ததே ரெண்டு தடவதான். நாங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சதே நீங்க எழுதினத வெச்சுதான். அனன்யா ஸ்கூல்ல ஹெரிடேஜ் ப்ராஜெக்ட் இதத்தான் பண்ணா. தெரியுமா?"

"ஐ காட் அன் ஏ," என்றாள் அனன்யா.

சார்வாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது கொஞ்சம் கூட்டி எழுதினதும்மா."

"கூட்டின்னா?"

"மேடைக்கு எழுதினது. உங்க அப்பா வாராருன்னு." சுவரைக் கைகாட்டினார். "ஊர்ல நாப்பத்திரெண்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லி உங்க அண்ணன் கேஸ் போட்டிருக்காரு. அதுக்கு இந்தப் பக்கத்தத்தான் சாட்சியாக் குடுத்திருக்காரு. உங்களுக்குத் தெரியுமாம்மா?"

அவள் முகம் மாறியது. "லேண்ட் ஏதோ விக்கறான்னு தெரியும். ஆளுங்க இருக்காங்கன்னு சொல்லலியே. பவர் ஆஃப் அட்டர்னி கேட்டான், கான்சுலேட்ல போய் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அங்கிள், நீங்க எல்லாரும் அன்பாத்தான இருந்தீங்க?"

இத்தனை வருஷம் எழுத வெட்கப்பட்டதைச் சார்வாள் அன்றைக்கு வாயால் சொன்னார். பூசணிக்காய், வைக்கோல், பிள்ளைத்தாச்சி அம்மா, வெயில், எல்லாம். எந்த அலங்காரமும் போடவில்லை. இப்போதுதான் கூட்டாமல் குறைக்காமல் வந்தது. ஷ்யாமளா அனன்யாவை மாடிக்குப் போகச் சொன்னாள்.

"ஸாரி அங்கிள். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"அந்தப் பவர ரத்து பண்ண முடியாதாம்மா?"

"அண்ணாகிட்ட பேசறேன். கண்டிப்பா பேசறேன். ஆனா ரத்து பண்ணா அவன் என்னோட பேசவே மாட்டான். அம்மா இல்ல, அப்பா இல்ல. எனக்குன்னு அந்தப் பக்கம் இருக்கறது அவன் ஒருத்தன்தான். நீங்க சொல்லுங்க அங்கிள், நான் என்ன பண்ணுவேன்?"

சார்வாள் எழுந்து நின்றார். அவள் வாசல்வரை வந்து அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். ஆசீர்வாதமும் பண்ணிவிட்டுத்தான் வந்தார், வேறென்ன செய்வது.

காரில் வரும்போது சொன்னார்: "டிக்கெட் போடச் சொல்லு உன் மாப்பிள்ளைய. கார்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் எழுதினத நானே போய் அழிச்சிட்டு வாரேன்."

"திரும்பி வர முடியலன்னா?"

"அங்க பாத்துக்கிட வசந்தா இருக்கா. நாப்பத்திரெண்டு வீடு இருக்கு."

ஜெபினா அன்றைக்குச் சமைக்கவில்லை. மறுநாள் காலேப் வந்து, "மாமா, டாலஸ் வழியா தோஹா, தோஹாவுல இருந்து திருவனந்தபுரம், பன்னெண்டாந்தேதி காலைல எறங்கிரலாம்," என்று போனைக் காட்டினான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டே பெட்டியில் வேட்டி மடித்து வைத்தாள். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, மூன்று மாசத்துக்கு எண்ணி டப்பாவில் போட்டாள். அபிகாயில் வந்து, "தாத்தா, வென் ஆர் யூ கமிங் பேக்?" என்று கேட்டாள். "சட்டுனு வந்துருவேன் தாயி," என்றார். இதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்.

எட்டாந்தேதி காலை. கிளம்ப இன்னும் ரெண்டு நாள், அதற்குள் பெட்டி பூட்டி ஹாலில் நிற்கிறது. கொடியில் அடுத்த பூக்களெல்லாம் பிடித்து, ஒரு ஏழெட்டுப் பிஞ்சு தொங்குகிறது. தான் இல்லாதபோது எப்படித் தண்ணீர் விட வேண்டும் என்று ஜெபினாவுக்கு அவர் காட்டிக்கொண்டிருந்தபோது வசந்தாமணி கூப்பிட்டாள்.

"சார்வாள், ஒரு படம் அனுப்பிருக்கேன். பாத்தியளா?"

பார்த்தார். படியில் ரெண்டு பீர்க்கங்காய். பின்னால் செருப்பில்லாத காலோடு கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நிற்கும் தான். மேலே ஷ்யாமளா எழுதியிருந்தாள், நெஞ்சார எழுதியதுதான்: 'அப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். முதல் காய் இன்னும் நம்ம வாசலுக்கு வருது.'

"இது எப்ப எடுத்தது, சார்வாள்?"

"போன சனிக்கிழம. போன ஒடனே எடுத்தாவ. நான் ஒண்ணும் பேச ஆரம்பிக்கவே இல்ல அப்பம்."

"அவுக குடும்ப குரூப்புல போட்டிருக்காவ. அத அவுக அண்ணன் எடுத்து வக்கீல்ட்ட குடுத்து, இன்னைக்கு ஒரு மனுவோட கோர்ட்ல சேத்தாச்சு. எழுதினவரே அமெரிக்காவுக்குப் போயும் முதக்காயக் கொண்டு வாசப்படியில வச்சு கும்பிடுதாரு, இவரு வந்து அது பொய்யின்னு சொல்லப்போறாரான்னு கேட்டானாம் அந்த வக்கீல். கோர்ட்டே சிரிச்சிச்சாம்."

"வசந்தா, நான் ஒரு வீட்டுக்குப் போறேன்னு கொண்டுபோனது. ஷூ கழத்தத்தான் கீழ வச்சேன்."

"எனக்குத் தெரியாதா சார்வாள்? ஒரு வீட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டா போவாவ? நானா இருந்தாலும் கொண்டுதான் போயிருப்பேன். நாப்பத்திரெண்டு வீட்லயும் அப்படித்தான் போயிருப்பாவ. அத ஜட்ஜுக்கு யாரு வெளங்க வைக்க?"

"நான் வந்து சொல்லுதேன். டிக்கெட் போட்டாச்சு. பெட்டி கெட்டியாச்சு."

அந்தப் பக்கம் கோயிலில் பிள்ளைகள் பாட்டுப் பழகுவது கேட்டது.

"வரண்டாம், சார்வாள்."

"என்னளா சொல்லுத?"

"வக்கீல் சொல்லிட்டாரு. கூண்டுல உங்கள ஏத்தினா அந்தப் படத்தக் காட்டியே அவன் நம்மள முடிச்சிருவானாம். நீங்க வாராம இருந்தா ஏதோ கொஞ்சமாவது பேசிப் பாக்கலாமாம். கமிட்டில எல்லாரும் பேசிட்டோம். ஒருத்தருக்கும் உங்க மேல கோவம் இல்ல, சார்வாள். நெசமாத்தான் சொல்லுதேன்."

ஜெபினா தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். களிமண்ணில் தண்ணீர் இறங்காமல் கொடியின் அடியில் தேங்கி நின்றது. சார்வாளுக்கு எழுதத் தெரியும், பேசத் தெரியும், மனு போடத் தெரியும்.

"அப்பம் நான் என்ன செய்ய, வசந்தா?"

"ஜெபம் பண்ணிக்கிடுங்க, சார்வாள்."

முப்பத்து நாலு வருஷமாக, தேறாத பிள்ளைகளின் தாய்மார் வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவர் சொல்லி அனுப்பிய வார்த்தை அதுதான்.